நான்கு மணிப் பாடம்

கிழக்கே முகில் சூடிய பெருமலைத் தொடரும் மேற்கே மிளகுக்கொடி படர்ந்த சிறுகுன்றுகளும் இருபுறமும் காவல் நிற்க, அவற்றின் நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கில், கண்டியிலிருந்து வரும் இருப்புப்பாதை இனிச் செல்ல இடமில்லை என்று நின்றுவிட்ட இடத்தில் அமைந்திருப்பது மாத்தளை நகரம். பிற்பகல் நான்கு மணியாகும் வேளையில் முத்துமாரியம்மன் கோபுரத்தின் நிழல் மெல்ல நீண்டு கடைத்தெருவின்மேல் சாய, பள்ளிவாசலில் தொழுது மீண்ட வணிகர் தத்தம் கடைகளில் மறுபடியும் அமர, சந்தைக்கு வந்தோர் விற்றது போக எஞ்சியதைச் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி விரைவர். அங்கே லக்கலைக்குச் செல்லும் அந்நாளின் கடைசிப் பேருந்து, அரிசி மூட்டைகளையும் மனிதரையும் ஒருசேரச் சுமந்து, மலையேற மனமில்லாததுபோல் உறுமிக்கொண்டு நிற்கும். அதைத் தவறவிட்டவர்க்கு மறுநாள் விடியும்வரை வேறு வழியில்லை.

அதே வேளையில், நகரின் கீழ்த்திசைச் சரிவில், முன்னொரு காலத்தில் இறப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் எழுந்துள்ள பல்கலைக்கழகத்தின் படிகளிலே மாணவர் கூட்டம் ஆரவாரத்தோடு இறங்கிவரும். தோட்டக் காலத்தில் கூலியாட்களைக் காலைக் கணக்கெடுப்புக்கு அழைத்த சங்குதான் இன்றும் அங்கே பாடவேளைகளை அறிவிக்கிறது. அச்சங்கு ஓய்ந்ததும் எல்லோரும் இறங்குவர். ஒரே ஒருத்தி மட்டும், வெள்ளாவியில் வெளுத்த பருத்திச் சேலையின் முந்தானையைத் தோளில் இழுத்துச் செருகி, நூல்கள் அடங்கிய துணிப்பையை மார்போடு அணைத்து, இறங்கும் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி மேலே ஏறுவாள். தமிழ்த்துறையின் தலைவியும் அவளே, விரிவுரையாளரும் அவளே, துறையின் கதவைத் திறந்து பூட்டுபவளும் அவளேதான். ஷியாமளா என்பது அவள் பெயர்.

படிக்கும் பெருந்தகையீர், அப்பல்கலைக்கழகம் வளர்ந்த வரலாற்றைச் சிறிது கேளுங்கள். அதனுள்ளேதான் இவள் கதையும் அடங்கியிருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் அது பல்கலைக்கழகம் என்ற பெயரைக்கூடப் பெற்றிருக்கவில்லை. புகையிரத நிலையத்தின் அருகே, மிளகு வணிகர் ஒருவர் கைவிட்டுப்போன பண்டகசாலையில், வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தின் கிளைக் கல்லூரியாக அது தொடங்கிற்று. மழை பெய்தால் ஒழுகாத அறை ஒன்றே இருந்தது. சுவர்களில் மிளகு மணம் ஊறிக் கிடந்தமையால், பாடம் கேட்போர் தும்முவதும் பாடம் சொல்வோர் தும்முவதுமாகக் கல்வி வளர்ந்தது. அந்நாளில் அக்கல்லூரிக்குப் பெருமை தந்தது தமிழ்ப் பாடமே. தோட்டங்களிலிருந்தும் நகரத்துத் தெருக்களிலிருந்தும் மன்னார், மட்டக்களப்பு போன்ற தொலைவூர்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் விசுப்பலகை போதாமல் சன்னல் விளிம்பில் அமர்ந்து கேட்டனர். பட்டம் பெற்ற சூட்டோடு வந்திருந்த ஷியாமளாவுக்குக் காலைப் பத்து மணி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒழுகாத அறையும் அவளுக்கே கிடைத்தது.

இவள் றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். வரிசையாய்ப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் அந்த லயத்துக்குக் குடிநீர்க் குழாய் ஒன்றே. தாய் சவரியம்மா குடத்தோடு முதலில் போய் நின்றாலும், பின்னால் வந்தவள் முகம் வாடக் கண்டால் விலகி நிற்பாள். குடியிருந்த வீடும் காய்த்த மரமும் நடந்த பாதையும் தோட்டத் துரையின் சொல்லுக்கு உட்பட்டவையாய் இருந்த மக்கள் அவர்கள். நமக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அவர்களிடையே ஏறத்தாழப் பிழையாகவே எண்ணப்பட்டது. கொடுத்தால் பெற்றுக்கொள்வர். கேட்டால் கொடுத்துவிடுவர். ஞாயிறுதோறும் மாதா கோயிலிலும் அதுவே புண்ணியம் என்று கற்பிக்கப்பட்டது. மகள் நூல்கள் பல கற்றாள். ஆனால் குழாயடியில் கற்றதை மறக்கவில்லை.

முதலாண்டு முடியுமுன்னே, அவளோடு பணியேற்ற முனாஸ் என்னும் புவியியல் விரிவுரையாளர் ஒருநாள் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். மாத்தளை நகரத்துப் பழைய வணிகக் குடும்பத்தின் பிள்ளை அவர், நல்லவர், நகைச்சுவை மிக்கவர். அன்று முகம் வெளிறியிருந்தது.

"உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம் மிஸ். பின்னேர ரயிலைப் புடிச்சாத்தான் பார்க்க ஏலும். எனக்கு நாலு மணிக்குப் பாடம் போட்டிருக்காங்க. இந்தத் தவணைக்கு மட்டும் உங்கட பத்து மணியை எனக்குத் தர ஏலுமா?"

"அதுக்கென்ன சேர், நீங்க எடுத்துக்கங்க. நான் நாலு மணிக்கு வச்சிக்கிறேன். அம்மாவை நல்லாப் பாத்துக்கங்க."

அவருடைய தாய் நலம் பெற்று வீடு திரும்பினார். படிப்புத் தவணை முடிந்தது. காலைப் பத்து மணி மட்டும் திரும்பி வரவில்லை. கொடுத்ததை நினைவூட்டுவது அழகன்று என்று அவள் எண்ணினாள். பெற்றதை மறந்துவிட்டார் அவர். இருவர்மீதும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆயினும் இத்தகைய நற்பண்பைக் காணும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு.

ஆண்டுகள் உருண்டன. கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்து, பண்டகசாலையை நீங்கிச் சரிவின்மேல் குடியேறிற்று. மும்மொழிப் பெயர்ப்பலகை எழுந்தது. முதலில் வேளாண்மைப் பீடமும், சீகிரியாவின் விடுதிகளுக்கு ஆள் வேண்டுமென்று சுற்றுலாத் துறையும், பிறகு கண்ணாடிச் சுவரோடு கணினித் துறையும் வந்தன. ஒவ்வொரு துறையும் பிறக்கும்போது அதற்கொரு மண்டபமும் ஒரு நேரமும் வேண்டியிருந்தது. இளம் விரிவுரையாளர் ஒவ்வொருவராக ஷியாமளாவின் கதவைத் தட்டினர். ஒருவர்க்குக் கைக்குழந்தை, ஒருவர்க்குக் கண்டியிலிருந்து வரும் தூரம், ஒருவர்க்கு ஆய்வுகூடம் காலையில் மட்டுமே திறக்கும் இடர். எல்லோர்க்கும் அவள் சொன்ன விடை ஒன்றே: "அதுக்கென்ன, எடுத்துக்கங்க." இறுதியில், தமிழ் என்றால் மாலை நான்கு மணி என்பது எவரும் இயற்றாத சட்டமாகிவிட்டது.

பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டினர்க்கும் இறுதியாண்டினர்க்குமே இடமுண்டு. நடுவாண்டுகளில் மாணவர் வீட்டிலிருந்து வரவேண்டும். தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர்க்கு நான்கு மணிப் பாடம் எட்டாக்கனியாயிற்று. தமிழை விரும்பி வந்தவர், வேறு வழியின்றி வேறு பாடம் எடுத்தனர். சன்னல் விளிம்பில் அமர்ந்து கேட்ட கூட்டம் ஒரு வரிசையாகி, வரிசை ஒரு பலகையாகி, இப்போது இறுதியாண்டில் இருவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். வெறுமையான மண்டபத்தில், விளக்குக் குழாய்களின் வெண்ணொளியில், அவள் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பாடம் சொன்னாள். பாடம் முடிந்து நகரத்து மாதா கோயில் அருகே வாடகைக்கு எடுத்த அறைக்குத் திரும்பினால், அங்கேயும் அந்தக் குரல் ஒன்றே துணை. தனிமை அவளை வருத்தியது. அதைச் சொல்ல அவளுக்கு எவரும் இல்லை.

இவ்வாண்டு மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. ஐந்து மாணவரேனும் தேர்ந்துகொள்ளாத சிறப்புப் பாடம் இனி நடைபெறாது. ஓராண்டு நின்றால் அத்துறையும் மூடப்படும். பாடத்தைத் தேர்ந்து பதிவு செய்வதற்குப் புதன்கிழமையே இறுதி நாள். நான்கு பேர் தமிழுக்குப் பதிந்திருந்தனர்.

திங்களன்று ஐந்தாமவள் வந்தாள். லக்கலையில் சிறு கடை வைத்து வயலும் பார்க்கும் சாலிஹின் மகள் றிஸ்னா அவள்; கண்களில் சுடர் உள்ள பெண்.

"மிஸ், எனக்குத் தமிழ்தான் விருப்பம். ஆனா நாலு மணிக்குன்னா ஏலாது. கடைசி பஸ் போயிரும். வேற எப்படியாச்சும் போனாலும் இறங்குற எடத்துல பொழுது பட்டுப் போச்சுன்னா ரோட்டுல ஆனை. வாப்பா ஒத்துக்க மாட்டாரு. காலையில மாத்தினா நான் வந்துருவேன். இப்பவே டீன் சேர்கிட்ட ஒரு வார்த்த செல்லுங்களேன்."

பீடாதிபதியின் அறை நாற்பது அடி தொலைவில் திறந்தே கிடந்தது. ஷியாமளா அக்கதவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"புதன்கிழமை நேரசூசிக் கூட்டம் இருக்கு றிஸ்னா. முறையா அதுல கேக்குறேன். தனியாப் போய்க் கேட்டா நம்ம சலுகை கேக்குற மாதிரி இருக்கும்."

"கேப்பீங்கதானே மிஸ்?"

"கட்டாயம் கேப்பேன்."

பொய்யாகச் சொல்லவில்லை. அன்றிரவும் மறுநாளும் அவள் அந்தக் கேள்வியைச் சொல் சொல்லாக அடுக்கிப் பழகினாள். ஆயிரம் பாடம் சொன்ன நா அந்த ஒரு வாக்கியம் வாராமல் திணறிற்று.

புதன் காலை பத்து மணிக்குக் கூட்டம் கூடிற்று. அக்கூட்டத்தின் நடைமுறை எளிது. பீடாதிபதி ஒவ்வொரு பாடத்தின் நேரத்தையும் வாசித்து, "மறுப்பு இருக்கா?" என்று வினவுவார், எவரும் பேசாவிடின் அது முடிந்த முடிபு. பீடாதிபதியின் இருக்கையில் அமர்ந்திருந்தவர் வேறு யாருமல்லர், முனாஸ் அவர்களே. நரை கண்ட தாடியோடு, இன்முகத்தோடு, அவர் காலை எட்டு மணிப் பாடங்களிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நேர வரிசையில் வாசித்தமையால் தமிழின் முறை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும்.

சன்னல் வழியே பார்த்தாள் ஷியாமளா. முற்றத்துப் பலாமரத்தடியில் றிஸ்னாவும் அவள் தந்தையும் நின்றிருந்தனர். கடையைப் பூட்டிவிட்டு, மகளின் பதிவுக்கெனவே மலையிறங்கி வந்தவர் சாலிஹ். ஒரு மணிப் பேருந்தில் அவர்கள் திரும்ப வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். கை உயர்த்தி, என் பாடத்தை முதலில் எடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எவரும் தடுத்திருக்கமாட்டார். ஆனால் கணினித் துறையின் சதீஸ்குமார் ஆய்வுகூடச் சாவியைப்பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். இடைமறிப்பது முறையன்று என்று அவள் காத்தாள். தேநீர் வந்தது, உருளைக்கிழங்கு வைத்த பற்றிஸ் வந்தது, அதுவும் முடியட்டும் என்று காத்தாள். சுற்றுலாத் துறையார் சீகிரியாப் பயணத்துக்கு வண்டி கேட்டு வாதிட்டனர், அதற்கும் காத்தாள். கூட்ட ஒழுங்கைப் பேணிக் கைப்பேசியை ஒலியடக்கிப் பைக்குள் வைத்திருந்தாள். வெயில் ஏறிப் பலாமரத்தின் நிழல் சுருங்கிற்று.

நண்பகல் கடந்து வெகுநேரம் சென்றபின், "கடைசியா, தமிழ்ச் சிறப்புப் பாடம். செவ்வாய், வியாழன், பின்னேரம் நாலு மணி. மறுப்பு இருக்கா?" என்று கேட்ட முனாஸ், விடைக்குக் காத்திராமல் கோப்பை மூடத் தொடங்கினார். அத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் எவரும் பேசியதில்லை.

"இருக்கு சேர்," என்றாள் ஷியாமளா. "எனக்குக் காலையில நேரம் வேணும்."

மண்டபம் வியந்து திரும்பியது. முனாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். பின்னர், "அவ்வளவுதானே? செவ்வாயும் வியாழனும் பத்து மணி சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கங்க," என்று அந்தக் கணமே எழுதினார். எழுதிவிட்டு, உண்மையான அன்போடு கேட்டார்: "என்ன ஷியாமளா மிஸ், இத்தனை வருசமா ஒரு வார்த்த செல்லலியே. உங்களுக்குப் பின்னேரம்தான் விருப்பம்னுல்ல நாங்க எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம்."

அதைக் கேட்டபோது அவளுக்கு மகிழ்ச்சி எழவில்லை. எவரும் பறிக்காததை இழந்திருந்தாள். எவரும் மறுக்காததைக் கேளாதிருந்தாள். யார்மீது சினம் கொள்வது என்று தெரியாமல் எழுந்து, இருக்கை சரிந்து விழ, முற்றத்துக்கு ஓடினாள்.

பலாமரத்தடியில் எவரும் இல்லை. பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். றிஸ்னா பலமுறை அழைத்திருந்தாள். உடனே அவளை அழைத்தாள்.

"மிஸ்," என்றது பேருந்தின் இரைச்சலுக்கிடையே ஒரு குரல். "ரொம்ப நேரம் பாத்தோம் மிஸ். நீங்க வரல்ல. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு வாப்பா சுற்றுலாவுக்குப் பதிஞ்சிட்டாரு."

"றிஸ்னா, காலை கெடைச்சிருச்சும்மா! பத்து மணி! நாலு மணி வரைக்கும் பதிவை மாத்தலாம். றத்தோட்டையில இறங்கித் திரும்பி வாங்க. அப்பாகிட்ட கேளு."

பேருந்து வளைவில் திரும்பும் ஓசை கேட்டது.

"கடையப் பூட்டிட்டு வந்தாரு மிஸ். எனக்காகக் காலையிலிருந்து வெயில்ல நின்னாரு. இப்ப திரும்ப இறங்குங்கன்னு கேக்க... எனக்கு வாய் வரல்ல மிஸ்."

வற்புறுத்த ஷியாமளாவுக்கு என்ன உரிமை இருந்தது? அந்த வாய் வராமையை அவளைவிட நன்கறிந்தவர் யார்? பேருந்து மலைமேல் ஏற, தொடர்பு தானே அறுந்தது. மாலை நான்கு மணிக்குச் சங்கு ஊதியபோது தமிழுக்கு நால்வரே இருந்தனர். முனாஸ் மேலிடத்திடம் பேசிப் பார்த்தார். விதி விதிதான் என்றனர். நால்வரும் வேறு துறைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். இறுதியாண்டு இருவரும் பட்டம் பெற்று வெளியேறும் நாளோடு, மிளகு மணத்திடையே பிறந்த தமிழ்த்துறை முடியும் என்று தீர்ந்தது.

அடுத்த செவ்வாய் காலை, பத்து மணிக்குச் சில நிமிடம் முன்னே, ஷியாமளா அந்த மண்டபத்தின் கதவைத் திறந்து வாயிலிலேயே நின்றுவிட்டாள். அந்த மண்டபத்தை அவள் காலை வெயிலில் கண்டதே இல்லை. கீழ்த்திசைச் சன்னல்கள் வழியே பாய்ந்த ஒளி விசுப்பலகைகளின்மேல் பொன்னாய்ப் படிந்திருந்தது. சன்னலுக்கு அப்பால், மாலையில் முகிலில் மறைந்தே கிடந்த மலைமுகடும் லக்கலைக்கு ஏறும் பாதையின் முதல் வளைவும் தெளிவாய்த் தெரிந்தன. இத்தனை அழகும் நாள்தோறும் இங்கேயே இருந்திருக்கிறது. அவளுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

அப்போது கதவருகே ஒரு செருமல். சதீஸ்குமார் நின்றிருந்தார்.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. எனக்கு இந்தத் தடவை அறுபது பிள்ளைங்க. இருக்க எடமில்ல. உங்களுக்கு ரெண்டே பேருதானே, அதுவும் இந்த வருசத்தோட... இந்த நேரத்தை எனக்குக் குடுத்தீங்கன்னா..."

அவர் கேட்டது நேர்மையானதே. அறுபது பேர் இருவரைவிடப் பலர் என்பதை அவளும் அறிவாள். அவள் உதடுகள் பழக்கத்தால் அசைந்தன. அதுக்கென்ன என்ற சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. குழாயடியில் ஒதுங்கி நின்ற தாயின் முகமும், பலாமரத்தடியில் வெயிலில் நின்ற இருவரும் அவள் முன்னே தோன்றினர்.

"தரமுடியாது தம்பி," என்றாள் ஷியாமளா. "இது என்னோட நேரம்."

சதீஸ்குமார் தலையசைத்து, படியிறங்கிச் சென்றார். வானம் இடிந்து விழவில்லை. அவரும் பகைக்கவில்லை, வேறு மண்டபம் தேடிப் போனார்.

விட்டுக்கொடுத்தல் பேரறம் என்று நம் முன்னோர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இது எனது என்று ஒருமுறையேனும் வாய்திறந்து சொல்லாத ஒன்றை, கொடுத்தோம் என்று எவ்வாறு சொல்வது? அது நம் கையிலிருந்து நழுவிப் போகிறது. பெற்றவர்க்கும் பெற்றோம் என்று தெரிவதில்லை. இருபத்தைந்து ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் வளர்ந்த வரலாற்றை எழுதுவோர், எழுந்த கட்டடங்களை எல்லாம் குறிப்பர். ஒருத்தி கொடுத்த காலைப் பொழுதுகளை அவர்கள் அறியமாட்டார்கள்; அவள் சொன்னதில்லையே.

சங்கு ஊதிற்று. மாணவர் இருவர் வந்து, வழக்கம்போல் பின்வரிசைக்குச் செல்லப் போயினர். ஷியாமளா அவர்களை வெயில் விழும் முன்வரிசைக்கு அழைத்து அமர்த்தி, விளக்கு எதையும் ஏற்றாமல், பாடத்தைத் தொடங்கினாள்.